இரண்டாம் வகை ஜாடி

எங்கள் அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் வருகைப் பதிவேடு வைத்திருப்பவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் நான் கண்ணாடி. இத்தனைக்கும் நான் மூக்குக்கண்ணாடி போட்டதே இல்லை. ஒரு பானையின் இடது பாதியைக் கொடுத்தால் வலது பாதியை அப்படியே திருப்பி வரைந்துவிடுவேன், அளக்காமல், மடிக்காமல், கை எடுக்காமல் ஒரே இழுப்பில். அதனால் வந்த பெயர். வைத்தவர் கிண்டலுக்குத்தான் வைத்தார். நான் அதைப் பட்டம்போல வாங்கித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுக்கும் பழைய பானை சட்டிகளை வரைவது என் வேலை. போட்டோ இருக்கும்போது எதற்கு வரைய வேண்டும் என்று கேட்காத ஆள் கிடையாது, என் மாமியார் உட்பட. போட்டோவில் பானையின் வெளிப்புறம் மட்டும்தான் தெரியும், படத்தில் உள்ளும் தெரியும். தாளின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. அதற்கு இடப்பக்கம், பானையைக் குறுக்கே வெட்டினால் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று காட்ட வேண்டும். வலப்பக்கம் வெளித்தோற்றம். இடப்பக்கத்தை மட்டும் அளந்தால் போதும், வலப்பக்கம் அதன் மறுபாதி. பானை உருண்டைதானே, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படித்தானே என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. அதை யாரும் தட்டிப் பார்த்ததில்லை.

பக்கத்து மேஜைக்காரர்கள் டிரேசிங் பேப்பரை நடுக்கோட்டில் மடித்து, பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்து மறுபாதியை எடுப்பார்கள். தாள் அழுக்காகும், விரல் அழுக்காகும், மூக்கு அரித்தால் மூக்கும் அழுக்காகும். நான் இடது கோட்டை ஒரு முறை மேலிருந்து கீழே கண்ணால் நடந்து பார்ப்பேன். வாய், கழுத்து, தோள், வயிறு, அடி. பிறகு வலப்பக்கம் பென்சிலை வைத்தால் அடிப்பாகம் வந்துதான் எடுப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை என் மேஜைக்குக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவார்கள். எனக்கு அதில் கூச்சமெல்லாம் கிடையாது. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைப்பேன்.

பதினோரு வருடம் இப்படித்தான் போயிற்று. அப்புறம் போட்டோக்காரர் வந்தார்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோவை மூடிவிட்டு எங்களிடம் வந்தவர். ஆளைப் பார்த்தால் முதலில் காதைத்தான் பார்ப்பார். "எந்த மனுஷனுக்கும் ரெண்டு காதும் ஒரே உயரத்துல இல்லைங்க. முப்பது வருஷம் பார்த்துட்டேன்" என்பது அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதம். அன்று முதல் வரைபடப் பிரிவில் பாதிப் பேர் காதைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

நாங்கள் அப்போது ஒரு பெரிய தொகுதியை முடிக்கும் அவசரத்தில் இருந்தோம். ஒரே மேட்டில் கிடைத்த அறுபத்தோரு ஜாடிகளைப் பற்றிய புத்தகம். ஒவ்வொரு ஜாடியிலும் கழுத்துக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி ஒரே ஒரு பள்ளம் இருக்கும். எதற்கென்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது ஒரு வசதி, ஜாடிக்கு முன்பக்கம் எது என்று சொல்லிவிடும். பள்ளம் நம்மைப் பார்த்து நடுக்கோட்டில் நிற்கும்படி வைத்துத்தான் வரைய வேண்டும் என்பது பிரிவுத் தலைவியின் உத்தரவு. அவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். சின்ன மேடம் என்று யாரும் இல்லை.

அறுபத்தொன்றையும் நான்தான் வரைந்தேன். அந்தப் படங்களை வைத்துத்தான் பெரிய மேடம் மூன்று வருடம் உட்கார்ந்து புத்தகத்தை எழுதினார். முதல் வகை, நிமிர்ந்த தோள் ஜாடி, ஐம்பத்திரண்டு. இரண்டாம் வகை, சரிந்த தோள் ஜாடி, ஒன்பது. இந்த இரண்டாம் வகைக்குத் தனியாக ஓர் அத்தியாயமே இருந்தது. அவை அந்த மேட்டில் செய்யப்பட்டவை அல்ல, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வேறு ஜனங்கள் செய்து கொண்டுவந்தவை என்பது மேடத்தின் முடிவு. ஊர் ஊராகப் போய் அதைப் பேசி, கைதட்டலும் வாங்கியிருந்தார்.

அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது அட்டைப்படத்துக்காகப் போட்டோக்காரர் ஒரு ஜாடியைப் படம் எடுத்தார். பாதி போட்டோ, பாதி கோட்டோவியம் என்று அட்டையை அமைக்கலாம் என்பது அவர் யோசனை. கம்ப்யூட்டரில் போட்டோவின் மேல் என் படத்தை ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணாடி, இங்க ஒரு நிமிஷம் வாங்க. உங்க ஜாடி ரொம்ப அழகா இருக்கு. ஆனா அது இந்த ஜாடி இல்ல."

"எண்ணைப் பாருங்க. பதினாலு. அதே ஜாடிதான்."

"இடது பக்கம் அதேதான். வலது பக்கத்தைப் பாருங்க."

பார்த்தேன். இடப்பக்கம் என் கோடு ஜாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போயிற்று. வலப்பக்கம் தோளில் ஜாடி இறங்கியிருந்தது, என் கோடு மேலே அந்தரத்தில் நின்றது.

"உங்க கேமரா கோணல்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் சாவதானமாக. "கேமரா கோணலா இருந்தா ரெண்டு பக்கமும் கோணும்ல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அத்தோடு போயிருக்கும். நான் விடாமல், "பதினோரு வருஷத்துல என் கோட்டை ஒருத்தர் குறை சொன்னதில்ல" என்றேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து, என் படத்தின் இடது பாதியைத் திருப்பி வலது பாதியின் மேலேயே வைத்துக் காட்டினார்.

"இதுவும் ஒட்டல பாருங்க. வயித்துப் பக்கம் உங்க வலது கோடு ஒரு மயிரிழை வெளிய இருக்கு. நேத்து பத்துப் படம் பார்த்தேன். பத்துலயும் அதே இடம், அதே மயிரிழை. யார் வரைஞ்சதுன்னு பெயரே வேணாம், இதை வெச்சே சொல்லிடலாம்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பென்சில் சீவினேன். நாலு பென்சில் பாதியாகிப் போயின.

மறுநாள் பதினாலாம் எண் ஜாடியை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துவந்து எல் எழுத்துப்போல் நிமிர்ந்து நிற்கும் இரண்டு மூலைமட்டங்களுக்கு நடுவில் நிறுத்தினேன். போட்டோக்காரர் தப்பு என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். இடது தோள் பதினெட்டு சென்டிமீட்டர் இரண்டு மில்லி உயரத்தில் இருந்தது. வலது தோள் பதினேழு சென்டிமீட்டர் எட்டு மில்லி. நாலு மில்லி வித்தியாசம். மேஜை சாய்ந்திருக்கும் என்று, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்து வைத்தேன். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. மேஜையும் போட்டோக்காரர் கட்சி.

அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னேன். என் கணவர் தையற்காரர், சட்டை தைக்கிறவர். முன்னறையில்தான் கடை. துணியை இரண்டாக மடித்து, பாதிச் சட்டைக்கு மார்க் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். பிரித்தால் முழுச் சட்டை. அவரும் என் ஜாதிதான், ஒரு பாதியை வைத்து மறுபாதியை எடுக்கிற ஜாதி.

"ஏங்க, மடிச்சு வெட்டினா ரெண்டு பக்கமும் சரியா வந்துடுமில்ல?"

"துணிக்குச் சரியா வரும். ஆளுக்கு வராது."

"ஏன்?"

"எவனுக்குத் தோள் ரெண்டும் சமமா இருக்கு? பை தூக்குறவனுக்கு ஒரு பக்கம் இறங்கும். நாற்காலியில ஒருக்களிச்சு உட்கார்றவனுக்கு இன்னொரு பக்கம். வெட்டுறப்ப மடிச்சுத்தான் வெட்டுவேன், தைக்கிறப்ப ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு பக்கம் ஒரு நூல் அளவு இறக்கிடுவேன். அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா வருத்தப்படுவாங்க."

"எனக்கு?"

கத்தரியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு வலது. பதினஞ்சு வருஷமா இறக்கித்தான் தைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

ஆனால் அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் இறங்கும். ஜாடிக்கு எப்படி இறங்கும்? அதற்குக் காரணம் வேண்டுமே. அடுத்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவேன். ஜாடியை எடுப்பேன், பள்ளத்தை முன்னால் திருப்புவேன், இரண்டு தோளையும் அளப்பேன், ஒரு சின்ன நோட்டில் எந்தப் பக்கம் இறக்கம் என்று குறிப்பேன். மண்ணின் பாரத்தில் அமுங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் ஒவ்வொன்றும் கிடந்த கிடைக்கு ஒவ்வொரு பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். சூளையில் சூடு ஒரு பக்கம் அதிகமாகப் பட்டிருக்கும் என்று பிறகு நினைத்தேன். அத்தனை ஜாடியையும் பள்ளம் ஒரே திசையைப் பார்க்கும்படி எவன் அடுக்குவான்? முதல் நாள் பன்னிரண்டு ஜாடி. பன்னிரண்டிலும் வலது தோள்தான் இறக்கம். இரண்டாம் நாள் பதினைந்து. வலது, வலது, வலது.

போட்டோக்காரர் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே வந்து ஜாடிகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு வந்துவிட்டால் எனக்கு மானம் ரோஷம் எல்லாம் இரண்டாம் பட்சம்.

"ஒரே ஆள்" என்றார் அவர், முப்பதாவது ஜாடியைத் துடைத்துக்கொண்டே. "உங்க மயிரிழை மாதிரி இது இந்த ஆளோட நாலு மில்லி. ஜாடி செய்யுறப்ப உள்ள ஒரு கை தாங்குது, வெளிய ஒரு கை தட்டுது. தட்டுற கை கொஞ்சம் பலமா இருந்திருக்கு. தனக்கே தெரிஞ்சிருக்காது."

"ஆணா பொண்ணா?"

"காது இருந்தாலாவது சொல்வேன்."

அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று. முகம் தெரியாது, பெயர் தெரியாது, எந்தப் பக்கம் கை பலம் என்று மட்டும் தெரியும். இத்தனை நாள் அந்த ஜாடிகளை எண்களாகவே பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, ம், நீதானா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள், கடைசி அலமாரி. முதலில் எடுத்த ஜாடியில் இடது தோள் இறங்கியிருந்தது. தப்பாகத் திருப்பிவிட்டேன் என்று நினைத்து மறுபடி பள்ளத்தைப் பார்த்தேன். பள்ளம் என்னைத்தான் பார்த்தது. இடதுதான். அடுத்ததும் இடது. அதற்கு அடுத்ததும். அந்த அலமாரியில் மொத்தம் ஒன்பது ஜாடிகள். ஒன்பதும் இடது. இறக்கம் அதே நாலு மில்லி.

எனக்கு முதலில் உற்சாகம்தான். பிறகு ஜாடிகளின் எண்களைப் படித்தேன்.

அந்த ஒன்பதுதான் இரண்டாம் வகை.

போட்டோக்காரருக்கு உடனே புரியவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். ஐம்பத்திரண்டு ஜாடிகளில் இடது தோள் உயரம், வலது தோள் இறக்கம். நான் இடது தோளை மட்டும் அளந்தேன், அதையே வலப்பக்கமும் திருப்பி வரைந்தேன். தாளில் இரண்டு தோளும் நிமிர்ந்துகொண்டன. முதல் வகை. இந்த ஒன்பதில் இடது தோள் இறக்கம். அதையும் நான் அளந்தேன், திருப்பினேன். தாளில் இரண்டு தோளும் சரிந்துகொண்டன. இரண்டாம் வகை.

"அப்போ ரெண்டு வகை இல்லையா?" என்றார்.

"இல்ல."

"அக்கரை ஜனங்க?"

"அவங்களும் இல்ல. அவங்களை நான்தான் பெத்திருக்கேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அன்று இருந்த பயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வேலை வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலை. அந்த வருடத்துத் தாள் பெரிய மேடத்தின் மேஜையில், அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. புத்தகம் அச்சுக்குப் போக ஒன்பது நாள். நான் வாயைத் திறந்தால் அவருடைய மூன்று வருட உழைப்பில் ஓர் அத்தியாயம் முழுதும் போகும், அவர் மேடையில் பேசிய பேச்செல்லாம் போகும், என் வேலையும் கூடவே போகும். வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஜாடிகள் பெட்டிக்குள் போய்விடும். இனி யாரும் அவற்றைத் திறந்து பார்க்கப் போவதில்லை, படம்தான் இருக்கிறதே.

போட்டோக்காரர் அன்று போகும்போது, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தேன். மாமியார், "என்னம்மா, வேலை போயிடுச்சா?" என்று கேட்டே விட்டார். அவருக்கு எப்போதும் நேரடியாகத்தான் வரும்.

பயத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த ஒன்பது ஏன் திரும்பியிருக்கின்றன? ஒரே ஊர், ஒரே மண், ஒரே நாலு மில்லி. கை மட்டும் மாறியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஷூ நாடாவைக் கட்டியபின் இறுகிவிட்டது, கால் வலிக்கிறது என்று கத்தினாள். அவிழ்க்கக் குனிந்தேன். எப்போதும் அவள் முடிச்சில் எனக்கு விரல் தடுமாறும். எந்த நுனியை இழுத்தால் அவிழும் என்று என் கைக்குத் தெரியும், அவள் முடிச்சில் அந்த நுனி அந்தப் பக்கம் இருக்காது. வழக்கமாக எரிந்து விழுவேன். அன்று அப்படியே முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"நீ கட்டு பார்க்கலாம்."

"பஸ் போயிடும்மா."

"போகட்டும். கட்டு."

கட்டினாள். முதல் வளையத்தை இடது கையில் போட்டாள். நான் வலது கையில் போடுவேன்.

"நீ எழுதுறது வலது கையிலதானே? இதை மட்டும் ஏன் இப்படிப் போடுற?"

என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்தாள். "நீ இப்படித்தானே போட்ட? எனக்கு நேரா உட்கார்ந்து. இந்தப் பக்கத்துக் கையிலதான் போட்ட."

அவள் சொன்னது உண்மை. என் வலது கை, எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கு இடது பக்கம். பார்த்தபடியே செய்தாள். திரும்பிப்போனது முடிச்சுதான். பஸ்ஸை விட்டுவிட்டோம், கணவர் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருந்ததற்கு வழியெல்லாம் என்னைத் திட்டியிருப்பார்.

நான் நேராகப் பெரிய மேடத்தின் அறைக்குப் போனேன். கையில் நோட்டு. யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும், அதனால் கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டேன்.

"மேடம், இரண்டாம் வகைன்னு ஒண்ணு இல்ல."

அவர் பேனாவை மூடினார். மேஜையில் என் ஒப்பந்தத் தாள் இருந்தது, என் பெயர் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இடது தோள், வலது தோள், மூலைமட்டம், ரசமட்டம், ஐம்பத்திரண்டு, ஒன்பது. என் மயிரிழையைக்கூடச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

"விதிப்படிதானே வரைஞ்சீங்க" என்றார் கடைசியில். "ஒரு பக்கம் அளந்தா போதும்னு நான்தானே சொன்னேன்."

"விதி உங்களுதுதான் மேடம். ஆனா நான் பதினோரு வருஷமா ஜாடியைப் பார்த்து வலது பக்கத்தை வரையல. என் கோட்டைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். அதுல பெருமை வேற."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்தேன். மூணு நாள். முடியல."

அவர் எழுந்தார். ஸ்டோர் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால். எங்களைப் பார்த்துவிட்டுப் போட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார், கூப்பிடாமலே.

மேடம் தன் கையாலேயே ஜாடிகளை எடுத்தார். மூன்று வருடம் அவற்றைப் பற்றி எழுதியவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தே அதிக நாள் ஆகியிருக்கும், பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பள்ளத்தை முன்னால் திருப்பி, குனிந்து, கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார். பத்து ஜாடிக்குமேல் பார்த்திருப்பார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்போ இந்த ஒன்பது யாரு?" என்று கேட்டார். தலைவியின் குரலாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட குரல்.

பதினாலாம் எண் ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தேன். அதற்கு வலப்பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, அந்த ஒன்பதில் ஒன்றை வைத்தேன். இரண்டின் பள்ளமும் எங்களைப் பார்த்தன. இடது ஜாடியின் வலது தோள் இறங்கி வந்தது, வலது ஜாடியின் இடது தோள் இறங்கி வந்தது. இரண்டும் நடுவில் சந்திக்க வருகிற மாதிரி நின்றன.

"என் பொண்ணு எனக்கு எதிர்ல உட்கார்ந்துதான் ஷூ நாடா கட்டக் கத்துக்கிட்டா மேடம். இன்னிக்கும் திருப்பித்தான் கட்டுறா. இந்த ஒன்பதைச் செஞ்சவங்களும் முதல் ஆளுக்கு எதிர்ல உட்கார்ந்து கத்துக்கிட்டிருக்கணும்னு தோணுது. அவங்க எந்தக் கையை அசைச்சாங்களோ, அந்தப் பக்கத்துக் கையை இவங்க அசைச்சிருக்காங்க."

"இடது கைக்காரராவும் இருக்கலாம்" என்றார் மேடம்.

"இருக்கலாம்."

"நிரூபிக்க முடியாது."

"முடியாது மேடம்."

அவர் இரண்டு ஜாடிகளுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடத்தில் மேஜைமேல் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். "நடுக்கோட்டை நாம ஜாடிக்குள்ள போட்டோம். அது இங்க இருந்திருக்கு" என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. போன அத்தியாயத்துக்காகவா, கிடைத்த இரண்டு பேருக்காகவா என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அச்சு நாலு மாதம் தள்ளிப்போனது. மேலிடத்திலிருந்து மேடத்துக்கு வந்த கடிதத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. என் ஒப்பந்தத்தில் ஒரு வருடத்தை அடித்துவிட்டு நாலு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அறுபத்தொண்ணையும் திரும்ப வரையுங்க. ரெண்டு பக்கமும் அளந்து. அதுக்கப்புறம் என் கையில இல்ல" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

முதல் படமாக அந்த இரண்டு ஜாடிகளையும் ஒரே தாளில் வரைந்தேன். பக்கம் பக்கமாக, நடுவில் புள்ளிக்கோடு. இந்த முறை எங்கும் ஒரே இழுப்பு கிடையாது. ஒரு விரல் அகலத்துக்கு ஒரு அளவு, அளவுக்கு ஒரு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி கோடு. புதிதாக வந்த ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்து, ஐந்து நிமிடம் நின்று, கொட்டாவி விட்டுவிட்டுப் போனாள். முடிக்க முழுதாக இரண்டு நாள் ஆயிற்று.

போட்டோக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டோவின் மேல் ஏற்றினார். இடது ஜாடியில் என் கோடு இரண்டு பக்கமும் ஒட்டியது. வலது ஜாடியில் தோளும் ஒட்டியது, கழுத்தும் ஒட்டியது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையருகே போனார்.

"கண்ணாடி, கோவிச்சுக்காதீங்க. வயித்துப் பக்கம்."

பார்த்தேன். வலது ஜாடியின் வலது ஓரத்தில், வயிற்றருகே, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு மயிரிழை வெளியே. அத்தனை அளந்தும் அந்த ஒரு விரல் அகலத்தில் என் கை புகுந்துகொண்டிருந்தது.

"ரொம்பச் சின்னது. அச்சுல தெரியாது. விட்டுடலாம்" என்றார் அவர்.

"இது என் ஜாடி இல்லைங்க, அவங்க ஜாடி" என்றேன்.

ரப்பரை எடுத்து அந்தத் துண்டுக் கோட்டை அழித்தேன். ஸ்டோர் ரூமுக்குப் போய், ஜாடியை எடுத்துவந்து, அந்த இடத்தில் இன்னும் மூன்று அளவு எடுத்து, மூன்று புள்ளி வைத்து, மறுபடி சேர்த்தேன். பதினோரு வருடமாக அடுத்தவர் ஜாடிமேல் வைத்திருந்த கையை அன்றுதான் எடுத்தேன். போட்டோக்காரர் படத்தை மறுபடி ஏற்றி, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னும் ஐம்பத்தொன்பது இருந்தது. அடுத்த ஜாடியை எடுத்து, பள்ளத்தை என் பக்கம் திருப்பி, இரண்டு தோளையும் பார்த்தேன்.